ஆசிரியர்களை அனுப்பினால் போதாது, தங்க வைக்கவும் நிதி வேண்டும்

ஆசிரியர் நியமனம் வழங்கும் வைபவங்கள் நமது நாட்டில் அடிக்கடி நடைபெறுவதுண்டு. அமைச்சர்களும் ஆளுநர்களும் மேடையில் நின்று நியமனக் கடிதங்களைக் கையளிக்கின்றனர். பின்தங்கிய பிரதேசங்களின் ஆசிரியர் பற்றாக்குறை இத்துடன் தீர்ந்துவிடும் என்ற உறுதிமொழியும் தவறாமல் வழங்கப்படுகிறது. ஆனால், அந்தக் கடிதத்துடன் வன்னியின் ஒரு குக்கிராமப் பாடசாலைக்கோ மலையகத்தின் ஒரு தோட்டப் பாடசாலைக்கோ சென்றவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் அங்கேயே கற்பித்துக் கொண்டிருக்கின்றனர் என்ற கேள்வியை எவரும் மேடையேறிக் கேட்பதில்லை. பற்றாக்குறை தீராமைக்கான காரணம் இந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது என்பது எமது கருத்தாகும்.

நாட்டில் ஏறத்தாழ 10 ஆயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவர்கள் பயில்கின்றனர். ஆசிரியர்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமாகும். அதாவது சராசரியாக 17 அல்லது 18 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். வளர்முக நாடுகள் பலவற்றுடன் ஒப்பிடும்போது இது நல்லதொரு விகிதமே. ஆகவே, விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் போன்ற சில பாடங்களைத் தவிர்த்துப் பார்த்தால், எமது பிரதான பிரச்சினை ஆசிரியர் தொகை அல்ல, அவர்கள் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கும் விதமே எனலாம்.

தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் இந்த ஏற்றத்தாழ்வை வெளிப்படையாகவே காண முடியும். யாழ்ப்பாண நகரத்தை அண்டிய பாடசாலைகளில் ஆசிரியர்கள் நிறைந்திருக்க, முல்லைத்தீவின் உட்கிராமங்களும் நெடுந்தீவு போன்ற தீவகப் பகுதிகளும் ஆசிரியர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. கிழக்கிலே கல்முனை தொடக்கம் காத்தான்குடி வரையிலான கரையோரம் ஆசிரியர்கள் செறிந்து வாழும் பிரதேசமாகும். மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைத் தமிழ்ப் பாடசாலைகளும் மூதூர், கிண்ணியா பகுதிகளின் முஸ்லிம் பாடசாலைகளும் அந்தக் கரையோரத்திலிருந்து ஆசிரியர்கள் வந்து சேர்வதை நம்பியிருக்கின்றன. மன்னாரில் 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் முஸ்லிம்கள் மீளக்குடியேறிய முசலிப் பிரதேசக் கிராமங்களின் பாடசாலைகளும், 1970களின் பிற்பகுதி தொடக்கம் படிப்படியாக அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன.

இதற்காக ஆசிரியர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. கல்வியியற் கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வெளியேறும் ஒருவருக்குப் பெரும்பாலும் முதல் நியமனம் தூரப் பிரதேசத்திலேயே கிடைக்கிறது. விடிவதற்கு முன்னரே பஸ் நிலையத்தில் காத்து நின்று, இரண்டு பஸ்கள் மாறி, மீதித் தூரத்தை முச்சக்கர வண்டியிலோ கால்நடையாகவோ கடந்து பாடசாலையை அடையும் ஆசிரியைகள் பலர். அங்கேயே தங்குவதற்குப் பாதுகாப்பான விடுதி இல்லை. இருக்கும் விடுதியில் கூரையோ மலசலகூடமோ சீராக இல்லை. திருமணமாகி, பிள்ளையும் பிறந்த பின்னர் ஊருக்கு அருகில் இடமாற்றம் கோருவது மனித இயல்பாகும். 2022இல் எரிபொருள் இன்றிப் பாடசாலைகளை மூட நேர்ந்த நாட்களை நாம் மறந்திருக்க முடியாது. தூர இடங்களிலிருந்து நாள்தோறும் பயணம் செய்யும் ஆசிரியர்களில் தங்கியிருக்கும் பாடசாலைகளின் நிலை எத்தனை பலவீனமானது என்பதை அந்நாட்கள் வெளிப்படுத்தின.

முறைப்படி இடமாற்றம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ‘தற்காலிக இணைப்பு’ என்பதே அதன் பெயராகும். ஆசிரியரின் பெயர் தூரப் பாடசாலையின் இடாப்பிலே இருக்கும். அவர் கற்பிப்பதோ நகரப் பாடசாலையில். கடதாசியில் வெற்றிடம் இல்லாதபடியால் அந்தத் தூரப் பாடசாலைக்குப் புதியவர் எவரும் நியமிக்கப்படமாட்டார். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை கடிதங்களை அனுப்பினாலும், வகுப்பறையில் பிள்ளைகள் ஆசிரியர் இன்றி அமர்ந்திருப்பார்கள்.

இப்பிரச்சினைக்குள் மறைந்திருக்கும் நிதி சார்ந்த அநீதியையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் தேசிய பாடசாலைகள் தவிர்ந்த ஏனைய பாடசாலைகள் மாகாணங்களின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் ஆசிரியர் சம்பளத்துக்கான பணம், நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுக்கு அமைய, மத்திய அரசிடமிருந்து மாகாணங்களுக்குத் தொகுதிக் கொடையாக வந்து சேர்கிறது. இந்தப் பணம் பாடசாலையின் தேவையைப் பார்த்துச் செல்வதில்லை, ஆசிரியர் இருக்கும் இடத்துக்கே செல்கிறது. இலங்கை ஆசிரியர் சேவையின் முதலாம் தரத்தைச் சேர்ந்த ஒருவரின் சம்பளம், மூன்றாம் தரத்தில் புதிதாக இணைந்தவரின் சம்பளத்திலும் பார்க்கக் கணிசமாகக் கூடியதாகும். அனுபவம் மிக்கவர்கள் நகரத்தில் குவிந்து, புதியவர்களும் வெற்றிடங்களும் கிராமத்துக்கு மிஞ்சுகையில், நகரத்துப் பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகை கிராமத்துப் பிள்ளைக்குச் செலவிடும் தொகையை விட அதிகமாகி விடுகிறது. இலவசக் கல்வி எல்லோருக்கும் சமமானது என்று 1945 தொடக்கம் நாம் பெருமையுடன் கூறி வருகிறோம். ஆனால் ஏழைக் கிராமத்தின் பங்கு எந்தச் சட்டமும் ஆணையும் இன்றியே நகரத்தைச் சென்றடைகிறது.

ஆகவே, கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் ஆசிரியர்களைத் தக்கவைக்க வழங்கப்படும் மானியம் எவரும் இடும் பிச்சையல்ல. அந்தப் பிள்ளைகளுக்காகச் செலவிடப்பட்டிருக்க வேண்டிய, ஆனால் செலவிடப்படாது போன பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதே அது.

அரசு இதுவரை எதுவுமே செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. பாடசாலைகள் கஷ்டம், மிகக் கஷ்டம் என வகைப்படுத்தப்பட்டு, அங்கு பணிபுரிவோருக்கெனக் கொடுப்பனவு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. கற்றல் உபகரணங்களுக்கான தரஉள்ளீட்டு நிதியைத் தேவையின் அடிப்படையில் ஒரு சூத்திரப்படி பகிர்ந்தளிக்கும் முறை 2000ஆம் ஆண்டளவில் அறிமுகமானது. 2006 தொடக்கம் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ்ப் பாடசாலைகள் தாமே திட்டமிடும் நடைமுறை பரவலாயிற்று. ஆனால் தரஉள்ளீட்டு நிதி வெண்கட்டியையும் ஆய்வுகூட உபகரணத்தையும் வாங்குவதற்கானது. ஆசிரியரைத் தங்க வைப்பதற்கானது அல்ல. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவோ ஆசிரியரின் தீர்மானத்தை மாற்றும் அளவுக்குப் பெரியதல்ல. ரூபாக் கணக்கில் நிர்ணயிக்கப்படும் எந்தக் கொடுப்பனவும் விலைவாசியின் முன்னே கரைந்து போகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தபோது இதனை நாம் அனைவரும் கண்கூடாகக் கண்டோம்.

பணம் கொடுத்தால் ஆசிரியர்கள் தங்குவார்களா? இதற்கு வெளிநாடுகளின் அனுபவம் பயனுள்ள விடையைத் தருகிறது. மேற்கு ஆபிரிக்காவின் சிறிய நாடான கம்பியா 2006ஆம் ஆண்டில் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு ஒன்றை ஆரம்பித்தது. பிரதான வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தூரப் பிராந்தியப் பாடசாலைகளுக்கு அது உரித்தானது. பாடசாலையின் தூரத்துக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளத்தின் 30, 35 அல்லது 40 சதவீதம் வழங்கப்பட்டது. அப்பாடசாலைகளில் தகைமை பெற்ற ஆசிரியர்களின் விகிதம் ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளிகளால் உயர்ந்ததாகப் பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு காட்டியது. அதேவேளை, மாணவர்களின் பரீட்சைப் பெறுபேறுகளில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதனையும் ஆய்வாளர்களால் காண முடியவில்லை. ஆசிரியரைக் கொண்டு வருவதற்குப் பணம் உதவும், கற்பித்தலை மேம்படுத்துவதற்கு அதற்கு அப்பாலும் முயற்சி தேவை என்பதே இதன் பொருளாகும்.

அமெரிக்காவின் வட கரொலைனா மாநிலம் 2001 தொடக்கம் மூன்று ஆண்டுகள், வறிய மாணவர்கள் அதிகமுள்ள அல்லது பெறுபேறுகளில் பின்தங்கிய பாடசாலைகளின் கணித, விஞ்ஞான, விசேட கல்வி ஆசிரியர்களுக்கு வருடாந்தம் 1,800 டொலர் வழங்கியது. அவர்கள் விலகிச் செல்லும் வீதம் ஏறத்தாழ 17 சதவீதத்தால் குறைந்தது. அந்தத் திட்டத்தின் தகுதி விதிகளை ஆசிரியர்களில் பலர் சரியாக விளங்கிக் கொள்ளவில்லை என்பதும், பலன் முழுமையாகத் தெரிவதற்கு முன்னரே அது கைவிடப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கவை. அதே நாட்டில் பின்னர் நடைபெற்ற வேறொரு பரீட்சார்த்தத் திட்டத்திலே, திறமை நிரூபிக்கப்பட்ட ஆசிரியர்களுக்குப் பின்தங்கிய பாடசாலைகளுக்கு மாறிச் செல்வதற்கென இரண்டு ஆண்டுகளில் 20 ஆயிரம் டொலர் கொடுக்கப்பட்டது. கொடுப்பனவு நீடித்த காலத்தில் அவர்களில் 93 சதவீதமானோர் அங்கேயே தங்கினர். ஏனைய ஆசிரியர்களில் தங்கியோர் 70 சதவீதம். பணம் நின்ற பின்னர் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய பாடங்கள் தெளிவானவை. கொடுப்பனவு சம்பளத்தின் கணிசமான விகிதமாக இருக்க வேண்டும். விதிகள் எவருக்கும் விளங்கும்படி எளிமையாக அமைய வேண்டும். ஓரிரு வருடங்களில் கைவிடப்படாமல் நீடிக்க வேண்டும்.

எமது சூழலுக்கு இவற்றுடன் இன்னும் சில ஏற்பாடுகள் அவசியமாகின்றன. முதலாவதாக, கொடுப்பனவு பெயர் இருக்கும் இடத்துக்கு அல்லாது, உண்மையில் கற்பிக்கும் இடத்துக்கே வழங்கப்பட வேண்டும். தற்காலிக இணைப்பில் நகரத்தில் இருப்பவருக்கு அது கிடைக்கக் கூடாது. அவரது பெயரால் மறைக்கப்படும் வெற்றிடமும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இரண்டாவதாக, நிதியின் ஒரு பகுதி பாடசாலைக்கே மானியமாகச் செல்ல வேண்டும். விடுதியைத் திருத்துவதா, அருகிலுள்ள சில பாடசாலைகள் இணைந்து ஆசிரியர்களுக்கென வாகனம் ஒன்றை ஒழுங்கு செய்வதா, ஆசிரியைகள் தங்குவதற்கு நல்லதொரு வீட்டை வாடகைக்கு எடுப்பதா என்பதை அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தீர்மானிக்கட்டும். முசலியில் பொருந்தும் தீர்வு மஸ்கெலியாவில் பொருந்தாது. மூன்றாவதாக, ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்பவருக்கு ஒரு தொகைப் பணமும், அடுத்த இடமாற்றத்தில் விரும்பிய இடத்துக்கான முன்னுரிமையும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். போனால் திரும்பி வர முடியாது என்ற பயமே பலரைப் போகவிடாமல் தடுக்கிறது.

நான்காவது ஏற்பாடு இவை எல்லாவற்றிலும் நீண்ட காலப் பயன் தரக்கூடியது. அந்தந்தப் பிரதேசத்தின் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்குவதே அது. தன் ஊரிலே கற்பிப்பவர் இடமாற்றம் கோருவதற்கான காரணங்கள் குறைவு. இந்த வழி எமக்குப் புதியதல்ல. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் உள்வாங்கப்பட்டனர். நோக்கம் சரியானதே. ஆனால் அவர்களுக்கு ஆரம்பத்தில் வழங்கப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு 6 ஆயிரம் ரூபா மாத்திரமே. பல கோரிக்கைகளின் பின்னர் அது 10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. பிரதேசத்து இளைஞரைத் தெரிவு செய்து, அவருக்கு உரிய ஊதியத்தை மறுப்பது எவ்வகையிலும் பொருத்தமானதல்ல. ஊர்ப்பற்றைக் காட்டிச் செலவைக் குறைக்க முற்படும் அரசு, இறுதியில் அந்த ஊரிலிருந்து அவரையும் இழந்துவிடும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கப்படலாம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 3 பில்லியன் டொலர் கடனுதவியை அங்கீகரித்ததிலிருந்து அரச செலவினம் ஒவ்வொன்றும் தராசில் நிறுக்கப்பட்டு வருவதை நாமும் அறிவோம். எனினும், ஆசிரியர்களைத் தக்கவைக்காமல் விடுவதற்கும் செலவு உண்டு. 2021இல் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்களும் அதிபர்களும் மூன்று மாதங்களுக்கு மேலாக இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். 2022இல் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்வதற்குச் சுற்றறிக்கை வழிவிட்டபோது, ஆசிரியர்களும் அந்த வழியே சென்றனர். பயிற்றுவித்த ஒருவரை இழந்து, புதியவரைத் தெரிவு செய்து, மீண்டும் பயிற்றுவிப்பது சிக்கனமாகாது. கல்விக்காக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீதத்தையே செலவிட்டு வரும் ஒரு நாடு, பணம் இல்லை என்ற பதிலைக் கல்வித்துறையில் முதலாவதாகக் கூறுவதும் பொருத்தமானதல்ல.

இன்னொரு அச்சத்தையும் குறிப்பிட வேண்டும். எந்தப் பாடசாலை கஷ்டப் பிரதேசப் பாடசாலை என்பதை அரசியல் செல்வாக்குத் தீர்மானிக்குமாயின், நகருக்கு அருகிலுள்ளவையும் பட்டியலில் புகுந்துகொள்ளும். வீதியிலிருந்தான தூரம், பஸ் சேவை, தங்குமிடம், பாடவாரியான வெற்றிடம் ஆகிய அளவுகோல்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, பட்டியல் ஒவ்வொரு வலயக் கல்வி அலுவலகத்திலும் பகிரங்கமாகக் காட்சிப்படுத்தப்பட வேண்டும். அப்போது தமிழ்ப் பாடசாலைக்கு எவ்வளவு, முஸ்லிம் பாடசாலைக்கு எவ்வளவு என்ற வீண் சந்தேகங்களுக்கும் இடமிருக்காது. படுவான்கரையின் பிள்ளையும் மூதூரின் பிள்ளையும் இழப்பது ஒன்றையே. அவ்விரு பிள்ளைகளின் பெற்றோரும் ஒருவரோடொருவர் போட்டியிடாது, இணைந்து நின்று கேட்க வேண்டிய உரிமை இது.

அடுத்த நியமன வைபவத்தின்போது, எத்தனை கடிதங்கள் வழங்கப்பட்டன என்ற கணக்குடன், முன்னைய முறை அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வகுப்பறையில் இருக்கின்றனர் என்ற கணக்கையும் மேடையில் வாசிக்கும்படி எமது மக்கள் பிரதிநிதிகள் கோர வேண்டும். அந்த இரண்டாவது கணக்கை அரசு தயாரிக்கத் தொடங்குமாயின், அதற்கான நிதியை ஒதுக்குவதும் வெகுதொலைவில் இராது.