மாலத்தீவு இஎம்ஐயா, தாம்பரம் ரயிலா?

குரோம்பேட்டையில இருந்து ஒரு சப்ஸ்க்ரைபர் கேட்டிருந்தார்: "ஸ்நார்க்லிங் பண்ண ரொம்ப நாள் ஆசை. மாலத்தீவு போக 60,000 ரூபாய் பர்சனல் லோன் எடுக்கலாமா ப்ரோ?"

கணக்குப் போடுவோம். 15% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 2,909 ரூபாய். வட்டி மட்டுமே 9,800 ரூபாயைத் தாண்டும். அந்த வட்டிக் காசுலயே ராமநாதபுரம் கடலைப் பார்த்துட்டு வந்துடலாம்.

2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்தப்போ தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் ஓட ஆரம்பிச்சது. உங்களுக்கு ரெண்டே ஸ்டேஷன் தள்ளி ஏறலாம். ஸ்லீப்பர்ல போய் வர 1,000 ரூபாய்க்குள்ள முடியும். ராத்திரி ரயில்லயே தூங்கிடுறதால லாட்ஜ் வாடகையும் மிச்சம்.

ராமநாதபுரத்துல இறங்கினா, தொண்டி பக்கம் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துற சூழல் சுற்றுலா. அலையாத்திக் காட்டுக்குள்ள கயாக், கடற்புல் பகுதியில ஸ்நார்க்லிங். கடல் பசு மேயுறது இந்தக் கடற்புல்லைத்தான். நேர்ல பார்க்கிறது ரொம்ப அபூர்வம், அந்த ஆசையோட போகாதீங்க. மாலத்தீவு மாதிரி கண்ணாடித் தண்ணியும் இருக்காது, உண்மையைச் சொல்லிடுறேன்.

கடல் அட்டையைக் கையில எடுத்துடாதீங்க. அது வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிரினம், கேஸ் ஆகிடும்.

அக்டோபர் - டிசம்பர் மழைக்காலத்தைத் தவிருங்க, கடல் கலங்கியிருக்கும். இன்னைக்கே மாசம் 1,000 ரூபாய்க்கு ஆர்டி போடுங்க. ரயில் ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் திறக்கும், வார இறுதி டிக்கெட்டை முதல் நாளே போட்டுடுங்க.