ஓர் அயனி, 74 ஆயிரம் அணுக்கள்

எரிக்கும் உலோகங்கள் – 9

கார் புகைக்குழாயில் உள்ள பிளாட்டினமும் பல்லேடியமும், எஞ்சினில் எரியாமல் தப்பிவந்த ஹைட்ரோகார்பனை எப்படிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த வினையூக்கியின் வேகம் பெரும்பாலும் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஸ்விட்சைத் தட்டி அதை முடுக்கிவிட முடியுமா?

முடியும் என்பதற்கான முதல் தடயம் 1981இல் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஸ்டூகிடெஸ், கோஸ்தாஸ் வயேனாஸ் இருவரும் வெள்ளிப் படலத்தின் மேல் எத்திலீனை ஆக்சிஜனோடு வினைபுரிய விட்டார்கள். படலம் பூசப்பட்டிருந்தது சிர்கோனியா என்ற பீங்கானின் மேல். இட்ரியம் ஆக்சைடு சிறிது கலந்த சிர்கோனியாவைச் சூடாக்கினால், ஆக்சிஜன் அயனிகள் அதனூடே நகரத் தொடங்கும். காரின் ஆக்சிஜன் சென்சாரில் இருப்பதும் இதே பீங்கான்தான். அதன் மறுபக்கம் இன்னொரு மின்முனையை வைத்து ஓரிரு வோல்ட் கொடுத்தால், அயனிகளை உலோகப் படலத்தை நோக்கித் தள்ளலாம்.

ஃபாரடே விதிப்படி, ஓடும் மின்னோட்டத்தை வைத்தே எத்தனை அயனிகள் வந்தன என்று எண்ணிவிடலாம். வந்த அயனி ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவின் வேலையைச் செய்யும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஆனால் வினையின் வேகம் அந்தக் கணக்கைத் தாண்டி எங்கோ போயிற்று.

கிரீஸின் பட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற வயேனாஸ் இதை விடாமல் தொடர்ந்தார். பிளாட்டினப் படலம், 370 டிகிரி செல்சியஸ், வெறும் 1 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம். எத்திலீன் எரியும் வேகம் 26 மடங்கானது. 1989இல் வெளியான இந்தச் சோதனையில், பீங்கான் வழியே வந்த அயனி ஒன்றுக்கு, கூடுதலாக வினைபுரிந்த ஆக்சிஜன் அணுக்கள் சுமார் 74,000. அத்தனையும் மேலே இருந்த வாயுவிலிருந்து வந்தவை.

துப்புக் கொடுத்தது நேரம். மின்னோட்டம் கொடுத்த கணமே வேகம் எகிறவில்லை. நிமிடக்கணக்கில் மெல்ல ஏறியது. அந்த மின்னோட்டத்தில் வரும் அயனிகள் பிளாட்டினத்தின் பரப்பு முழுவதையும் மூட எவ்வளவு நேரம் ஆகுமோ, ஏறக்குறைய அதே நேரம். ஆக, வந்த அயனிகள் உடனே எரிந்து தீரவில்லை. உலோகப் பரப்பில் ஊர்ந்து பரவி அங்கேயே தங்கிவிட்டன. அவை கல் சுமக்க வந்த ஆட்கள் அல்ல, மேஸ்திரிகள். அவை பரவியதும் உலோகத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல் மாறுகிறது. வாயுவிலிருந்து வந்து ஒட்டிய ஆக்சிஜனின் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்த ஆக்சிஜன் எத்திலீனோடு எளிதில் சேர்ந்துவிடுகிறது. மின்சாரம் எரிக்கவில்லை, எரியும் பரப்பைத் திருத்திக் கொடுக்கிறது. இதற்கு மின்வேதி ஊக்கம் என்று பெயர்.

பிறகு ரோடியம், பல்லேடியம் என்று உலோகங்களை மாற்றியும், மீத்தேன், புரொப்பேன் என்று எரிபொருளை மாற்றியும் உலகெங்கும் சோதித்தார்கள். ரோடியத்தில் எத்திலீன் எரியும் வேகம் 90 மடங்கு வரை உயர்ந்தது.

இருந்தும் உங்கள் காரில் இது இல்லை. மின்சாரம் பாய, உலோகம் தொடர்ச்சியான படலமாக இருந்தாக வேண்டும். படலத்தின் உள்ளே புதைந்த அணுக்களுக்கு வேலையே இல்லை. பிளாட்டினம் விற்கும் விலைக்கு அது கட்டுப்படியாகாது. புகைக்குழாயிலோ உலோகம் நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தூவப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஒயர் இழுப்பது நடக்கிற காரியமா?

இங்கேதான் கதை திரும்புகிறது. டைட்டானியா, சிர்கோனியா போன்று உலோகத் துகள்களைத் தாங்கும் சில ஆக்சைடுகளின் (தாங்கிகளின்) மேல் தூவினால் உலோகம் ஏன் சுறுசுறுப்பாகிறது என்பது நெடுநாள் புதிர். 2000களின் தொடக்கத்தில் வயேனாஸும் லோசானைச் சேர்ந்த கொம்னினெல்லிஸும் சக ஆய்வாளர்களோடு இந்தப் புதிரையும் மின்வேதி ஊக்கத்தையும் ஒப்பிட்டு, இரண்டிலும் நடப்பது ஒன்றே என்றார்கள். தாங்கியிலிருந்து ஆக்சிஜன் அயனி தானாகவே துகளின் மேல் ஏறுகிறது. செலவான இடத்தை வாயுவின் ஆக்சிஜன் நிரப்புகிறது. ஒயரும் பேட்டரியும் இல்லாமலே, உலோகத்துக்கு அடியில் இருக்கும் ஆக்சைடு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. கருவியாகச் சந்தைக்கு வராத கண்டுபிடிப்பு, சந்தையில் ஏற்கெனவே இருந்த வினையூக்கிகளுக்கு விளக்கமாக அமைந்தது.

அப்படி ஆக்சிஜனைச் சேமித்து வைத்து வேண்டும்போது கொடுக்கும் ஆக்சைடுகளில் கார் நிறுவனங்கள் அதிகம் நம்புவது சீரியாவை. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)