உரோமம் உதிர்ந்தால் உதறிவிடாதீர்கள்

"உம்மா, பஞ்சுட முடி கொட்டுது!"

கடந்த டிசம்பரில், கலேவெலயில் விடாது மழை பெய்த ஒரு நாள் என் மகள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். பஞ்சு என்பது அவளுடைய ஹம்ஸ்டர். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததற்காக அவளது வாப்பா வாங்கிக் கொடுத்தது. கூட்டைத் திறந்து பார்த்தேன். முதுகில் வட்டமாக உரோமம் உதிர்ந்து, தோல் செதில் செதிலாக இருந்தது.

பக்கத்து வீட்டு மாமி வேப்பெண்ணெய் பூசச் சொன்னார். பூசினேன். பஞ்சு அதை முழுவதும் நக்கிவிட்டு, ஒருநாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் சுருண்டு கிடந்தது. அடுத்த வாரம் மகளின் கையில் சிவந்த வளையமொன்று தோன்றி அரிக்கத் தொடங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இத எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிரவு மகள் சாப்பிடவில்லை.

மறுநாள் மகளை டொக்டரிடமும் பஞ்சுவை மிருக வைத்தியரிடமும் கொண்டு சென்றோம். இருவரும் சொன்னது ஒன்றுதான்: படர்தாமரை. இது பங்கசால் வருவது. மிருகத்திலிருந்து மனிதருக்கும், மனிதரிலிருந்து மிருகத்துக்கும் தொற்றக்கூடியது.

மிருக வைத்தியர் முதலில் விசாரித்தது கூட்டைப் பற்றித்தான். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கூடு, மர ஆலையில் எடுத்த ஈர மரத்தூள், வாரக்கணக்கில் மாற்றாத படுக்கை. பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சிரிய ஹம்ஸ்டரின் சொந்த இடம் வறண்ட நிலம். 1930இல் சிரியாவின் அலெப்போவுக்கு அருகே ஒரு தாயும் குட்டிகளும் பிடிக்கப்பட்டன. இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவையே. ஈரமும் புழுக்கமும் அவற்றுக்கு ஆகாது.

சகோதரிகளே, உரோமம் உதிர்வது ஒரு நோயல்ல, அடையாளம் மட்டுமே. காரணங்கள் பல:

* கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். இவை சிறிதளவில் எப்போதும் தோலில் இருக்கும். வயது போனால், உடல் நலிந்தால் பெருகும். இவ்வகை மனிதருக்குத் தொற்றாது.
* பைன் போன்ற வாசனை மரங்களின் தூளால் வரும் ஒவ்வாமை.
* உணவில் புரதக் குறைவு.
* கம்பியில் ஓயாமல் உராய்தல்.
* முதுமை, ஹோர்மோன் கோளாறு, கட்டி.

இடுப்பின் இரு பக்கமும் கறுத்த புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது வாசனைச் சுரப்பி, புண்ணல்ல.

எது காரணம் என்பதை மிருக வைத்தியர் பரிசோதித்துப் பார்த்தே சொல்ல முடியும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையோ மனிதருக்கான களிம்பையோ பூசாதீர்கள். பஞ்சுவின் நிறை 120 கிராம்தான். மருந்து சற்றுக் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. அருகிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். மேலதிக பரிசோதனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

நாங்கள் கூட்டைக் காற்றோட்டமான அறைக்கு மாற்றினோம். மரத்தூளுக்குப் பதிலாக மையில்லாத வெள்ளைக் கடதாசியைக் கிழித்துப் போட்டோம். ஈரமான இடத்தைத் தினமும் அகற்றினோம். தண்ணீரில் குளிப்பாட்டுவதை விட்டு, தூசியில்லாத காய்ந்த மணலைச் சிறு கிண்ணத்தில் வைத்தோம். கையுறை போட்டு நானே மருந்து பூசினேன். மகளுக்குச் சுகமாகும் வரை அவள் அதைத் தொடவில்லை. இப்போதும் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறாள்.

இரண்டு மாதத்தில் மகளின் கையில் தழும்பும் இல்லை. பஞ்சுவின் முதுகில் புது உரோமம் முளைத்துவிட்டது.

ஹம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று வருடங்கள்தான். பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிக் கொடுக்கும் நாம், அதன் கூட்டைத் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டாமா? அன்று அதை வெளியே விட்டிருந்தால், நோய் வந்தால் வீசிவிடலாம் என்பதைத்தான் என் மகள் என்னிடம் கற்றிருப்பாள்.