ஆன்லைனில் வாங்குறவங்களுக்கும் மார்க் உண்டா? நம்மை அது பாதிக்குமா?

மூக்கண்டப்பள்ளியில் மதியம் மூன்று மணி. ஒரு லைன் வீட்டு வாசலில் பார்சலுடன் நிற்கிறார் டெலிவரி தம்பி. கதவு பூட்டியிருக்கிறது. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. ஆர்டர் போட்டவர் சிப்காட்டில் மதிய ஷிப்டில் இருக்கிறார். பல ஆலைகளில் செல்போனை உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாது. தம்பிக்கோ அன்றைக்குக் கொடுத்து முடிக்க இன்னும் ஒரு மூட்டை பார்சல் இருக்கிறது. ஆப்பில் 'வாடிக்கையாளர் இல்லை' என்று தட்டிவிட்டு, அடுத்த தெருவுக்கு வண்டியைத் திருப்புகிறார். இதுபோல் சில முறை நடந்தால், பார்சல் விற்றவருக்கே திரும்பிப் போய்விடும்.

ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த ஓசூர் பக்கம் இது சகஜம். இதில் யார் மீதும் பெரிய தப்பு இல்லை. ஆனால், 'ஆர்டர் போட்டார், வாங்கவில்லை' என்ற ஒரு வரி மட்டும் அந்தக் கணக்கில் ஏறிவிடுகிறது.

நாம் வாங்கும் குக்கருக்கும் குர்த்திக்கும் ஸ்டார் போடுகிறோம். நமக்கும் யாராவது ஸ்டார் போடுகிறார்களா? போட்டால் அதனால் நமக்கு என்ன ஆகும்?

மளிகைக் கடை நோட்டு

வாங்குபவரை எடை போடுவது நமக்குப் புதிதில்லை. மாதக் கணக்கு வைத்த மளிகைக் கடைக்காரர், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று மனசுக்குள்ளேயே மார்க் போட்டு வைத்திருப்பார். 'நாணயமான ஆள்' என்ற சொல்லே அந்த மார்க்தான். ஆனால் அந்தக் கணக்கு எழுதிய சின்ன நோட்டு பல வீடுகளில் நம் கையிலேயே இருந்தது. எழுதியது தப்பு என்றால், 'அண்ணாச்சி, அன்னைக்கு அரை கிலோ பருப்புதானே வாங்கினேன்?' என்று கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இபே எடுத்த முடிவு

ஆன்லைன் வியாபாரத்தில் இந்த மார்க் முறையைப் பரவலாக்கியது அமெரிக்காவின் இபே. பியர் ஒமிடியார் 1995-ல் அதைத் தொடங்கினார். முகம் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் எப்படி நம்புவது? அதற்கு விடையாக 1996-ல் 'ஃபீட்பேக்' முறை வந்தது. வாங்கியவர் விற்றவருக்கு மார்க் போடலாம், விற்றவரும் வாங்கியவருக்குப் போடலாம். நல்லது என்றால் ஒரு புள்ளி கூடும், மோசம் என்றால் ஒரு புள்ளி குறையும்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. பொருள் உடைந்து வந்தாலும் வாங்கியவர் வாயைத் திறக்கவில்லை. 'நான் மோசம்னு போட்டா, பதிலுக்கு அவரும் எனக்கு மோசம்னு போட்டுடுவாரே' என்ற பயம். 'நீ உன் மார்க்கை எடு, நானும் எடுக்கிறேன்' என்று பேரம்கூட நடந்தது. இரண்டு பக்கமும் பாராட்டு மழை பொழிந்தது. ஆனால் அதைப் பார்த்து யாரை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

2008 மே மாதம் இபே இதற்கு முடிவு கட்டியது. அதன்பின் விற்பவர்கள், வாங்குபவர்களுக்கு நல்ல மார்க் மட்டுமே போட முடியும். விற்பவர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால், ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் பற்றி அவர்கள் புகார் தரத் தனி வழி இருந்தது. அப்படிப்பட்டவர்கள் தங்களிடம் வாங்க முடியாதபடி தடுக்கவும் வசதி இருந்தது. எல்லோருக்கும் பாராட்டு மட்டுமே வரும் என்றான பிறகு, வாங்குபவரின் ஸ்டாருக்கு அங்கே பெரிய மதிப்பில்லை.

டாக்ஸியில் கதை வேறு

எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஊபர், ஓலா போன்ற டாக்ஸி ஆப்களில் டிரைவரும் பயணிக்கு ஸ்டார் போடுகிறார். ஊபரில், பயணத்தை ஏற்பதற்கு முன் டிரைவர் அதைப் பார்க்கலாம். ரேட்டிங் மிகவும் குறைந்த பயணிகளின் கணக்கை முடக்குவோம் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 2019 மே மாதம் ஊபர் அறிவித்தது. எத்தனை பேர் ஐந்து ஸ்டார் கொடுத்தார்கள், எத்தனை பேர் ஒன்று கொடுத்தார்கள் என்று பயணியே பார்த்துக்கொள்ளும் வசதி 2022-ல் வந்தது.

வீடு வாடகைக்குத் தரும் ஏர்பிஎன்பி 2014-ல் இன்னொரு வழி கண்டது. தங்கியவரும் வீட்டுக்காரரும் விமர்சனம் எழுதலாம். இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு முடியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இதனால் பழிவாங்கும் மார்க்குக்கு இடம் குறைந்தது.

காரில் ஏறுவதும் வீட்டில் தங்குவதும் மனிதரோடு மனிதர் நேரில் பழகும் விஷயம். அங்கே நம் நடத்தைக்கு மார்க் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. முன்பணம் கட்டிப் புடவை வாங்குபவரின் குணத்தை அளந்து கடைக்காரருக்கு என்ன ஆகப்போகிறது?

ஸ்டார் இல்லை, கணக்கு உண்டு

அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டார் எதுவும் தெரியாது. அதற்காக நம்மை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. எத்தனை ஆர்டர், எத்தனை ரிட்டர்ன், எத்தனை முறை வாசலில் வேண்டாம் என்றோம் என எல்லாம் பதிவாகிறது. அளவுக்கு மீறி ரிட்டர்ன் செய்த சிலரின் கணக்கை அமேசான் மூடியது 2018-ல் அமெரிக்காவில் பெரிய செய்தியானது. நம் ஊரில், 'கேஷ் ஆன் டெலிவரி' சிலருக்குத் திடீரென்று காணாமல் போகும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரும், நமக்கு வராது. அதற்கு முகவரி, விலை, விற்பவர் என்று பல காரணம் இருக்கலாம். பழைய கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். எது என்று திரையில் தெரிவதில்லை.

விற்பவர் பக்கமும் நியாயம் உண்டு. திருப்பூரிலிருந்து டி-ஷர்ட் அனுப்பும் சின்ன வியாபாரிக்கு, திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலும் நஷ்டம். போகவும் வரவும் ஆகும் நாட்களில் அந்தச் சரக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. புதுச்சட்டையை எடுத்துக்கொண்டு பழைய சட்டையை மடித்து அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தளங்கள் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், ஏமாற்றுபவரும் ஷிப்டில் இருந்த தொழிலாளியும் ஒரே கணக்கில் ஒரே மாதிரி தெரிந்துவிடலாம் என்பதில்தான். நாம் பார்க்கக்கூடிய ஸ்டார் நமக்கு அதிகம் கெடுதல் செய்யாது. பார்க்க முடியாத கணக்குதான் செய்யும். நோட்டு வைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நமக்கும் காட்ட வேண்டும், தப்பிருந்தால் திருத்த வழி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், ஒரே வகை வாடிக்கையாளர்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கின்றன. அவர்களின் உரிமையைப் பாதிக்கும் விதத்தில் மனம்போனபடி வகை பிரிக்கவும் கூடாது. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

* ஷிப்ட் வேலை என்றால், வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணை டெலிவரிக்குக் கொடுங்கள். பகலில் வீடு பூட்டியிருந்தால் பக்கத்துக் கடை முகவரி கொடுக்கலாம், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு.

* தெருப் பெயரோடு கோயில், பள்ளி, கம்பெனி கேட் என்று ஓர் அடையாளமும் சேருங்கள்.

* வேண்டாம் என்று முடிவெடுத்தால், பார்சல் கிளம்பும் முன்பே கேன்சல் செய்யுங்கள்.

* பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ரிட்டர்ன் தகராறில் கைகொடுக்கும்.

* தம்பி வராமலேயே 'வாடிக்கையாளர் இல்லை' என்று மெசேஜ் வந்தால், அன்றே ஆப்பில் புகார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.

* கணக்கை முடக்கினாலோ, வசதியை நிறுத்தினாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.