கடைக்குள் ஓடும் மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு

சரக்கு எடுத்தால் எடை, விலை, வண்டிக் கூலி என்று பைசா பிசகாமல் பார்க்கும் நம் வணிகப் பெருமக்கள், கடைக்குள் வரும் மின்சாரத்தை மட்டும் வயர்மேன் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்கள் இதையும் தாமே பார்க்கலாம்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் அளவு. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்பது மின்தடை. இவ்விதியை 1827-இல் விளக்கிய ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் பெயராலேயே அதை ஓம் என்று அளக்கிறோம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

திருப்பரங்குன்றத்தில் பங்குனித் திருவிழா, கார்த்திகை தீபம் என்றால் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கூட்டம் நெரியும். அந்த நாட்களுக்கென்று ஒருவர் 2000 வாட் வெந்நீர்க் கெட்டில் ஒன்றைக் கூடுதலாக வைப்பதாகக் கொள்வோம். 2000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். சுவரிலுள்ள சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவதோ 6 ஆம்பியர். பெரிய பிளக்கைக் கன்வெர்ஷன் பிளக் வைத்து அதில் செருகிவிட்டால் கெட்டில் வேலை செய்யத்தான் செய்யும். ஆபத்தே அங்குதான்.

அந்தச் செருகலில் பிடிப்புத் தளர்ந்து, அரை ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, ஓமாலும் பெருக்கினால் அங்கே எழும் வெப்பம் தெரியும். 8.7 x 8.7 x 0.5, ஏறக்குறைய 38 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் பற்றவைக்கும் கருவி பெரும்பாலும் 25 வாட்தான்! சாக்குப் பையும் அட்டைப் பெட்டியும் அடுக்கிய மூலையில் இவ்வளவு சூடு மணிக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? பியூஸ் போய்விடுமே என்று நம்பி இருக்க வேண்டாம். பியூஸுக்குத் தெரிவது ஆம்பியர் மட்டுமே. தளர்ந்த இணைப்பால் ஆம்பியர் கூடுவதில்லை. சிறிது குறையவே செய்யும். எனவே பிளக் கருகினாலும் பியூஸ் அசையாது. தொட்டால் சுடுகிற பிளக், பழுப்பேறிய சாக்கெட், பிளாஸ்டிக் தீயும் வாடை இவைதாம் எச்சரிக்கை. உடனே மெயினை அணைத்து, 16 ஆம்பியர் பாயிண்டைத் தகுந்த கனமுள்ள வயருடன் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால்? கெட்டிலின் தடை 230-ஐ 8.7-ஆல் வகுக்க, சுமார் 26.4 ஓம். 180 வோல்ட்டில் 6.8 ஆம்பியர்தான் ஓடும். திறன் 1225 வாட் அளவுக்கு விழும். தண்ணீர் கொதிக்கத் தாமதமாகும், அவ்வளவே.

பிரிட்ஜ், மாவு மில் மோட்டார் விஷயம் வேறு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். ஸ்டெபிலைசர் வைப்பது இதற்காகத்தான். மேலும், மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்குச் சாதனத்தின் தகட்டில் பொறித்துள்ள வாட்டையும் ஆம்பியரையும் பார்ப்பதே சரி.

கடையின் மொத்த ஓட்டம் அறிய, வயர்மேனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். பேஸ் வயர் ஒன்றை மட்டும் அதன் பிடிக்குள் விடவேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். எல்லாச் சாதனங்களும் ஓடும் மாலை நேரத்தில் அளக்கச் சொல்லி, எண்ணை மெயின் பலகை அருகே எழுதி வையுங்கள்.