சலவை இயந்திரம் ஏன் மக்கர் செய்கிறது?

கனத்த போர்வை ஒன்றை மட்டும் தனியே போட்டுச் சலவை இயந்திரத்தைச் சுழலவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். துவைக்கும்போது சாதுவாக இருந்த இயந்திரம், பிழியத் தொடங்கியதும் தடதடவென்று ஆடும். சில சமயம் நின்ற இடத்தை விட்டு ஒரு முழம் நகர்ந்தும் போய்விடும். மோட்டார் போய்விட்டது என்பார் வீட்டில் ஒருவர். மெக்கானிக்கைக் கூப்பிடு என்பார் இன்னொருவர். உண்மையில் அங்கே பழுது என்று ஒன்றுமே இல்லை. பள்ளியில் படித்த வட்ட இயக்கம்தான் அப்படிக் கூத்தாடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? முன்புறம் கதவுள்ள இயந்திரத்தின் உருளை சுமார் 24 சென்டிமீட்டர் ஆரம் கொண்டது. பிழியும்போது நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் முடுக்கம் கிடைக்கும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 270 மடங்கு! இந்த இழுப்பில்தான் துணியிலுள்ள நீர் உருளையின் ஓட்டைகள் வழியே வெளியேறுகிறது. ஆனால் துணி உருளையைச் சுற்றிலும் சமமாகப் பரவாமல், ஒரு பக்கம் 200 கிராம் மட்டும் கூடுதலாகத் தங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்த 200 கிராம் 54 கிலோ எடைபோல் உருளையை இழுக்கும். அதுவும் ஒரே திசையில் அன்று. நொடிக்குப் பதினாறு தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் 1400 சுற்றானால் இழுப்பு இரு மடங்கு. நனைந்த போர்வை ஒன்று பந்துபோல் சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினால், கூடுதல் எடை 200 கிராமோடு நிற்குமா?

இதை எதிர்பார்த்தே பொறியாளர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மேல்புறம் திறக்கும் இயந்திரத்தில் தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. அதற்குள் உப்பு நீர் அடைத்திருப்பார்கள். தொட்டி வேகமெடுத்ததும் அந்நீர் கனமான பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஓடி நிகர் செய்கிறது. தொட்டியும் நேரடியாகப் பெட்டியில் பொருத்தப்படாமல், நான்கு மூலைகளிலிருந்து கம்பிகளாலும் சுருள்வில்களாலும் தொங்கவிடப்பட்டிருக்கிறது. மின் இணைப்பை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கையால் அழுத்தி விடுங்கள். மேலே வந்ததும் அடங்கிவிட்டால் நல்ல நிலை. ஊஞ்சல்போல் பலமுறை ஆடினால் கம்பிகள் தேய்ந்துவிட்டன. காலியாக இருக்கும்போதே தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படியே. முன்கதவு இயந்திரம் வேறு தந்திரம் செய்யும். மெல்லச் சுற்றிப் பார்த்துத் துணியைப் பரப்ப முயலும். முடியாவிட்டால் வேகமெடுக்காமலே வேலையை முடித்துவிடும். துணியைப் பிழியவே இல்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பது அதிகம். போர்வையுடன் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், மெக்கானிக் தேவைப்படமாட்டார்.

தரையையும் பார்க்க வேண்டும். நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா? மூலைக்கு மூலை அழுத்தினால் ஆட்டம் தெரியக்கூடாது. கால்களைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். புதிதாக வாங்கிய முன்கதவு இயந்திரம் முதல் நாளே பேயாட்டம் ஆடினால், பின்புறத்தில் லாரிப் பயணத்துக்காக முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கழற்ற மறந்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொன்ன வீடுகள் உண்டு.

இனி, தண்ணீர் வராத இயந்திரம். குழாயைத் திறந்தால் நீர் நன்றாகத்தான் வருகிறது. இயந்திரமோ ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே நீர் விடும் வால்வில் ஒரு ரப்பர்ச் சவ்வு இருக்கிறது. மின்காந்தம் ஒரு சிறு துளையைத் திறப்பதோடு சரி; சவ்வைத் தூக்குவதும் மூடுவதும் நீரின் அழுத்தமே. பத்து மீட்டர் உயரத்து நீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் தரும். பல இயந்திரங்கள் குறைந்தது இதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேட்கின்றன. அதாவது, தொட்டி மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல் மாடியில் குடியிருப்பவருக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கும். உயரம் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. கீழ் வீட்டில் ஒழுங்காக ஓடிய அதே இயந்திரம் மேல் வீட்டுக்குப் போனதும் மக்கர் செய்வது இதனால்தான். அழுத்தம் குறைந்தால் வால்வு சரியாக மூடாமல், நிறுத்திய பிறகும் நீர் கசிவதுண்டு. வாங்குமுன் கையேட்டில் இந்த எண்ணைப் பார்ப்பவர் மிகச் சிலர். வழக்கமாக நன்றாக வந்த நீர் நாளடைவில் குறைந்தால், இயந்திரத்தில் குழாய் சேரும் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றுங்கள். மணலும் துருவும் அதை அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

நீர் வெளியேறும் குழாயில் ஒரு வேடிக்கை. முன்கதவு இயந்திரத்தில் நீரைப் பம்பு ஏற்றித் தள்ளுகிறது. ஆகவே குழாயின் வாய் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் நிரம்ப நிரம்ப நீர் தானே வடிந்துகொண்டிருக்கும். இயந்திரம் விடாமல் நீர் பிடிக்கும். பம்பில்லாமல் வால்வு திறந்து நீர் வடியும் மேல்கதவு இயந்திரத்துக்கு நேர்மாறு. அங்கே குழாயைத் தூக்கி வைத்தால் நீர் இறங்காது. ஒருவர் வீட்டு வழக்கத்தை இன்னொருவர் பார்த்துச் செய்வதால் வரும் வினை இது.

பம்புள்ள இயந்திரத்தில் நீர் வடியவில்லையா? முன்புறம் கீழ் மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். மின் இணைப்பை எடுத்து, தாம்பாளம் ஒன்றை வைத்து, நீர் ஆறியபின் மெல்லத் திருகுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை பம்பே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. திறந்து பார்த்தால் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் ஊக்கும் ஒரு கொத்து முடியும்! அன்றிலிருந்து சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பது வீட்டில் சட்டமாகிவிட்டது.

மோட்டார் ம்ம்ம் என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் இது அடிக்கடி நேர்வது. ஒருமுனை மின்சாரம் மோட்டாரில் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிரச் சுழலாது. இரண்டாவது கம்பிச்சுருளுக்குச் சற்றே கட்டம் மாறிய மின்னோட்டத்தைக் கொடுத்துச் சுழலவைப்பது மின்தேக்கியின் வேலை. கடையில் கப்பாசிட்டர் என்று கேட்டால்தான் தெரியும். அது வலுவிழந்தால் மோட்டார் திசை தெரியாமல் முனகும். விட்டுவைத்தால் சுருள் கருகும்; சின்னச் செலவு பெருஞ்செலவாகும். மாற்றும்போது மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் அப்படியே பொருந்த வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் தொடவேண்டாம். இன்வர்ட்டர் வகை மோட்டாரில் இந்தச் சாமான் கிடையாது. அதிலே கோளாறு மின்சுற்றுப் பலகையில் இருக்கலாம். அது நிபுணர் வேலை.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதுக்கு வருவோம். ஈரக் கையால் இயந்திரத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. பல வீடுகளில் இதற்குப் பழகிப்போய், ஒரு மிதியடியைப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். இது மிகத் தவறு. மின்சாரத்திலுள்ள இரைச்சலை வடிகட்டுவதற்காக இக்கால இயந்திரங்களில் மின் கம்பிக்கும் உடலுக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் உள்ளன. அவை வழியே மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் கம்பிக்குப் போய்க்கொண்டே இருக்கும். எர்த் அறுந்திருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை; 230 வோல்ட்டில் பாதியளவு இயந்திரத்தின் உடலில் நிற்கும். மின்னோட்டம் சிறியது என்பதால் சுரீரென்பதோடு போகும். ஆகவே குற்றம் பெரும்பாலும் இயந்திரத்தினுடையதன்று, வீட்டு எர்த்தினுடையது. ஆனால் இதே சுரீர், சூடேற்றும் கம்பி வெடித்து முழு மின்சாரமும் உடலில் இறங்குவதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது. அது சரிசெய்யப்படும்வரை இயந்திரத்தை ஓட்டவே கூடாது. மூன்று முள் பிளக்கில் நீண்டு தடித்த முள் எர்த்துக்குரியது. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டியெறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்! 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையை வீட்டு மின் பலகையில் பொருத்தச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் வற்புறுத்துங்கள். சூடேற்றும் கம்பி 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் அது உருகும்.

சூடேற்றும் கம்பி ஏன் வெடிக்கிறது? கடின நீர் ஒரு காரணம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு விரும்பும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு வழியில்லாதபோது 600 வரை. நம் ஊர்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகள் அதையும் மிஞ்சும். நீரைச் சுடவைத்தால் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகக் கம்பிமேல் படியும். வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அது வெப்பத்தை நீருக்குப் போகவிடாது. கம்பி உள்ளேயே அளவுமீறிச் சூடாகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணியில்லாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு வெந்நீரில் ஓட்டினால் பொருக்கு கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது இதுவே. ஆனால் அதனோடு பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவடைத்த குளியலறையில் அது ஆளையே சாய்க்கும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் கரும்பூஞ்சை படிவது ஈரத்தாலும், அளவுக்கு மிஞ்சிய சோப்புத்தூளாலும். துவைத்து முடித்ததும் வளையத்தைத் துடைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எலிக்கு இயந்திரத்தின் அடிப்பகுதி நல்ல வளை. கம்பிகளைக் கடித்து வைத்துவிடும். அடியில் வலை போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சோதனை. மின் இணைப்பை எடுத்துவிட்டு, காலியான உருளையைக் கையால் சுற்றிக் காதைக் கொடுங்கள். ஓசையின்றிச் சுற்றினால் சரி. கல் அரைப்பதுபோல் கரகரத்தால், ரப்பர் அடைப்பு கிழிந்து நீர் பேரிங்குக்குள் புகுந்துவிட்டது. உருளையின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தளர்ச்சியும் தெரியும். இதற்குத் தொட்டி முழுவதையும் வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். சில வகைகளில் தொட்டியின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டியிருப்பதால், பேரிங் மட்டும் மாற்ற வழியில்லாமல் தொட்டியையே மாற்ற நேரும். ஆகவே மெக்கானிக்கிடம் கூலியைக் கேட்குமுன், உங்கள் தொட்டி போல்ட்டு போட்டதா, ஒட்டியதா என்று கேளுங்கள்.