ஊவாவின் கொத்தளம்

கொத்தளம் என்ற சொல்லைக் கோட்டையோடு சேர்த்து ஓர் இணைமொழியாகவே நாம் வழங்கி வருகிறோம். அதன் தொழிற்பாடோ தெளிவானது. நேர்மதிலின் அடியை ஒட்டி வந்துவிட்ட பகைவனை மேலே நிற்போர் காண்பதரிது. அம்மறைவிடத்தை ஒழிக்கவே மதிலினின்றும் புறந்தள்ளிக் கொத்தளம் எழுப்பப்பட்டது. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களையும் ஒல்லாந்தர் இதன்பொருட்டே அமைத்தனர். அங்கே காக்கப்பட்டது வணிகம்.

ஊவாவில் காக்கப்பட வேண்டியிருந்தது நிலம். கண்டி அரசுக்குக் காடும் கணவாயும் முட்கடவைகளுமே அரணாயின. 1630இல் பதுளையை எரித்துத் திரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, றந்தெனிவெலவில் படையோடு அழிந்தமை அவ்வரணின் வலிமைக்குச் சான்று. 1817–18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயரும் இதனை உணர்ந்தனர். பரணகமவில் கெப்பெட்டிப்பொலவின் முற்றுகையைத் தாங்கிநின்ற மேஜர் மக்டொனால்டின் பெயர் அங்குள்ள காவலரணுக்கு வழங்கலாயிற்று. ஆயினும் கிளர்ச்சியை வீழ்த்தியது அரணன்று. எரிக்கப்பட்ட வயலும் கிராமமுமே. கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26இல் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கருதியது. பீரங்கி செய்யவியலாததை இச்சட்டம் செய்தது. பதுளையில் படையதிகாரமும் குடியியல் அதிகாரமும் மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஒருவரிடமே இருந்தன. (வரலாறு அவரை நினைவுகூர்வது, சுட்டுக்கொன்ற யானைகளுக்காகவே!) அவர் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். கோப்பியும் பின்னர் தேயிலையும் தமிழகத்து உழைப்பாளரை இம்மலைகளுக்குக் கொணர்ந்தன.

தோட்டத்தின் அமைப்பை நோக்குவோமாயின், கொத்தளம் மறையவில்லை, உருமாறிற்று என்பது புலனாகும். மேட்டிலே துரை பங்களா, தாழ்விலே லயங்கள், விடியலில் பெரட்டு. கங்காணியின் கணக்கேட்டிலும் மறைவிடம் கிடையாது. கடனைத் தீர்த்தாலன்றி விடுவிப்பில்லை என்றது ‘துண்டு’; துண்டில்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. புறப்பகையைத் தடுத்த மதில் இங்கே உள்ளிருப்போரைத் தடுத்தது. மதிலுக்குரிய கல்லும் சுண்ணமும் மிச்சம் என்பதே முதலாளித்துவத்தின் சிக்கனம்.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. வெளியார் தோட்டத்துள் நுழைவதற்கான தடை தொடர்ந்தது. 1940இல் பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அதனைக் கலந்தே நிருவகிக்கத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளரே பறித்துக்கொண்டனர்.